எழுதுகோல் முனையில் ஓர் அமானிதம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டிப் பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே புகழ் அனைத்தும் உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

 

ஆண்டுக்கு ஒரு முறை வரவு செலவுக் கணக்கை ஜமாஅத்தார் முன் வைக்கும் இந்நாளில், பொதுப்பணம் என்னும் அமானிதத்தைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். வட்டியின் கொடுமையையும் வரதட்சணையின் இழிவையும் ஜகாத்தின் சிறப்பையும் இம்மேடையில் பலமுறை பேசியிருக்கின்றோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. ஒரு நாட்டின் நிதிநிலை அறிக்கை ஒப்புதல் பெறும் அறையில், அதற்கு ஒப்புதல் வழங்கும் மக்கள் பிரதிநிதிகளே நிகழ்த்திய களவைப் பற்றியது. அந்த நாடு இந்தோனேசியா.

ஏன் இந்தோனேசியா என்று கேட்கலாம். உலகில் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடுகளுள் அது முன்னிற்பது. ஏறக்குறைய 28 கோடி மக்களில் பெரும்பாலோர் கலிமா மொழிந்தவர்கள். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் எனும் நம் கடற்கரை ஊர்களிலிருந்து மரைக்காயர்களின் மரக்கலங்கள் சுமத்திராவின் துறைமுகங்களுக்குச் சென்று வந்த வரலாறு உண்டு. அவ்வூர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபே அங்கும் பின்பற்றப்படுகின்றது. ஆகவே இது யாரோ அயலாரின் கதை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. நம் குடும்பத்தின் ஒரு கிளையில் நேர்ந்த காயமாகவே இதைப் பார்க்க வேண்டும்.

களவுக்கு இரண்டு வழிகள்

முதலில் இக்களவின் தன்மையை விளங்கிக்கொள்வோம். பள்ளிவாசல் உண்டியலை நள்ளிரவில் ஒருவன் உடைக்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். காலையில் உடைந்த பூட்டு சாட்சி சொல்லும். கணக்குப் புத்தகத்தில் இருக்க வேண்டிய தொகைக்கும் பெட்டியில் இருக்கும் தொகைக்கும் உள்ள வேறுபாடு சாட்சி சொல்லும். இது ஒரு வழி.

இன்னொரு வழி உண்டு. பள்ளிவாசலுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஒரு லட்சம் ரூபாய் ஆகும். செலவை நிர்ணயிக்கும் கூட்டத்திலேயே அது ஒன்றரை லட்சம் என்று எழுதப்படுகின்றது. அனைவரும் கையொப்பமிடுகின்றனர். ஒப்பந்தக்காரருக்கு ஒன்றரை லட்சம் வழங்கப்படுகின்றது. அவர் ரசீதும் தருகின்றார். மிகுதியான ஐம்பதாயிரம் எழுதியவர் வீட்டுக்குத் திரும்பி வருகின்றது. இங்கே பூட்டு உடையவில்லை. புத்தகமும் பெட்டியும் ஒத்துப்போகின்றன. தணிக்கையாளர் கூட்டிப் பார்த்தால் ஒரு காசும் பிசகாது. ஆயினும் களவு நடந்திருக்கின்றது. பணம் செலவாகும்போது நடந்த களவன்று இது. எழுதப்படும்போதே நடந்து முடிந்த களவு.

நிதிநிலை அறிக்கை ஒப்புதலில் நடைபெறும் ஊழல் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது. இன்னும் பிறக்காத பணத்தின் பங்கு முன்கூட்டியே விற்கப்படுகின்றது. அதற்குச் சட்டத்தின் முத்திரையும் கிடைத்துவிடுகின்றது. ஆதலால்தான் இது கண்டறிய அரிதாகவும் கண்டிக்க அரிதாகவும் இருக்கின்றது.

நல்ல நோக்கில் தரப்பட்ட அதிகாரம்

இந்தோனேசியாவில் 1998ஆம் ஆண்டு மே மாதம் அதிபர் சுகார்த்தோவின் முப்பதாண்டு கால ஆட்சி முடிவுற்றது. அவர் காலத்தில் நாடாளுமன்றம் அரசு நீட்டிய தாளில் முத்திரை குத்தும் அவையாகவே இருந்தது. அந்நிலை மாற வேண்டும் என்று மக்கள் விரும்பினர். 1999 முதல் 2002 வரை அரசியல் சாசனம் நான்கு முறை திருத்தப்பட்டது. சட்டமியற்றல், நிதிநிலை அறிக்கை, அரசைக் கண்காணித்தல் ஆகிய மூன்றும் மக்கள் பிரதிநிதிகள் அவையின் பொறுப்புகள் என்று தெளிவாக எழுதப்பட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் அதிபர் நிதிநிலை அறிக்கையை அவையில் வைப்பார். அக்டோபர் இறுதிக்குள் அவை முடிவெடுக்க வேண்டும்.

நோக்கம் நல்லதே. ஒரு மனிதரின் விருப்பப்படி நாட்டின் செல்வம் செலவாகக் கூடாது. பலர் கூடி ஆராய வேண்டும். இது மஷ்வராவின் நெறியும் ஆகும். ஆனால் அதிகாரம் எங்கே சென்று சேர்ந்தது என்பதைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் அரசு நிதிச் சட்டம், ஒவ்வொரு துறையின் தொகையை மட்டுமன்றி, ஒவ்வொரு திட்டம், ஒவ்வொரு பணி, ஒவ்வொரு செலவினம் வரை அவையின் ஒப்புதல் வேண்டும் என்றது. எந்த மாவட்டத்தில் எந்தச் சாலை, எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த ஆய்வுக்கூடம் என்பது வரை அவையின் நிதிநிலைக் குழுவினர் பேரம் பேசும் நிலை உருவாயிற்று.

அத்துடன் நட்சத்திரக் குறி என்றொரு வழக்கமும் இருந்தது. ஒரு செலவினத்திற்கு ஒப்புதல் வழங்கியபின், அதன் அருகில் ஒரு நட்சத்திரக் குறி இட்டுவைப்பார்கள். குறி நீங்கும்வரை அந்தப் பணத்தை அமைச்சகம் தொட இயலாது. குறியை நீக்க, குழுவின் இசைவு வேண்டும். ஒரு சிறு குறிக்கு எத்தகைய விலை வைக்க இயலும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

விலைக்குப் போன வரிகள்

2011ஆம் ஆண்டில் நிதிநிலைக் குழுவின் உறுப்பினர் ஒருவரே தொலைக்காட்சியில் தோன்றி, அக்குழுவில் நடைபெறும் பேரங்களைப் பற்றிப் பேசினார். அவர் பெயர் வா ஓதே நூர்ஹயாத்தி. நாடு அதிர்ந்தது. ஆனால் அவ்வாண்டு முடிவதற்குள் ஊழல் ஒழிப்பு ஆணையம் அவரையே குற்றம் சாட்டப்பட்டவராக அறிவித்தது. மாவட்டங்களின் உள்கட்டமைப்புக்கான நிதியைச் சில மாவட்டங்களுக்கு ஒதுக்கச் செய்வதற்காக, 625 கோடி ரூபியா கையூட்டுப் பெற்றார் என்று நிரூபிக்கப்பட்டு, 2012 அக்டோபரில் ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்நாளில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 9,000 ரூபியா என்பதை நினைவிற்கொண்டு இத்தொகைகளைக் கேளுங்கள். அவ்வழக்கில் பேசப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று அச்சே பெசார். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் பேரழிவைக் கண்ட மண் அது. அந்த மண்ணுக்குச் செல்ல வேண்டிய பணத்திற்கும் நூற்றுக்கு இத்தனை என்று தரகு பேசப்பட்டது.

பிற வழக்குகளில் கையூட்டுக்குச் சங்கேதச் சொற்கள் புழங்கின. ரூபியாவை ‘மலாங் ஆப்பிள்’ என்றும் டாலரை ‘வாஷிங்டன் ஆப்பிள்’ என்றும் கைப்பேசியில் குறிப்பிட்டுக்கொண்டனர். களவை அதன் பெயரால் அழைக்கக் களவு செய்பவருக்கே நா எழுவதில்லை என்பதை இது காட்டுகின்றது.

இனி நாம் சொல்லப்போவது, சொல்லவே நெஞ்சம் கனக்கும் செய்தி. கோல்கார் கட்சியைச் சார்ந்த சுல்கர்னைன் ஜபார் என்பவர் நிதிநிலைக் குழுவின் உறுப்பினராக இருந்தார். சமய விவகாரத் துறையின் 2011, 2012ஆம் ஆண்டுகளுக்கான இரண்டு வகைச் செலவினங்களில் அவர் தலையிட்டார். ஒன்று, நடுநிலை மத்ரஸாக்களுக்குக் கணினிக் கூடங்கள் அமைப்பது. மற்றொன்று, அருள்மறையாம் திருக்குர்ஆன் பிரதிகளை அச்சிட்டு வாங்குவது. ஆம், சகோதரர்களே, திருக்குர்ஆன் பிரதிகள்தாம்! தமக்கு வேண்டிய நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கிடைக்கச் செய்து, அவரும் அவர் மகனும் 1,439 கோடி ரூபியா பெற்றனர் என்று நீதிமன்றம் கண்டது. 2013ஆம் ஆண்டு மே மாதம் தந்தைக்குப் பதினைந்து ஆண்டுகளும் மகனுக்கு எட்டு ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மாவட்ட நிதி வழக்கில் கையூட்டுக் கொடுத்துத் தண்டனை பெற்ற அதே தரகர், இவ்வழக்கிலும் 2017ஆம் ஆண்டில் தண்டனை பெற்றார்.

இங்கே சற்று நின்று சிந்திப்போம். உளூ இன்றித் தொடவும் அஞ்சும் வேதம் அது. அதைத் தரையில் வைக்கமாட்டோம். அதன்பால் காலை நீட்டமாட்டோம். அந்தக் கண்ணியம் அந்நாட்டு மக்களிடமும் நிறைந்திருக்கின்றது. ஆனால் அந்த வேதத்தை அச்சிட ஒதுக்கிய பணத்தைத் தொடுவதற்கு அவர்கள் அஞ்சவில்லை. தாளுக்குத் தந்த மரியாதை தாளில் உள்ள கட்டளைக்குத் தரப்படவில்லை. ஒருவர் பொருளை மற்றவர் தவறான வழியில் உண்ணலாகாது என்றும், பிறர் பொருளை அறிந்தே உண்பதற்காக அதிகாரம் உள்ளவர்களிடம் பணத்தைக் கொண்டு செல்லலாகாது என்றும் அல்பகரா அத்தியாயத்தின் 188ஆம் வசனம் தடுக்கின்றதே! எந்தப் பிரதிகளின் பேரில் களவு நடந்ததோ, அந்தப் பிரதிகள் ஒவ்வொன்றிலும் இந்தத் தடை அச்சாகியிருக்கின்றது.

செலவினத்தின் புனிதம் செலவைக் காப்பாற்றாது. ‘மத்ரஸா’ என்று தலைப்பிட்டாலும், ‘குர்ஆன்’ என்று தலைப்பிட்டாலும், திறந்த கணக்கும் கேட்கும் வாயும் இல்லாத இடத்தில் அந்தத் தலைப்பே திருடனுக்குத் திரையாகிவிடும். இதுவே இன்று நாம் உங்கள் உள்ளத்தில் பதிக்க விரும்பும் செய்தி.

நூற்றில் நாற்பத்தொன்பது

அடுத்த வழக்கு இன்னும் பெரியது. குடிமக்கள் அனைவருக்கும் மின்னணு அடையாள அட்டை வழங்குவதற்காக 2011, 2012ஆம் ஆண்டுகளில் 5.9 லட்சம் கோடி ரூபியா ஒதுக்கப்பட்டது. அதில் அரசுக்கு நேர்ந்த இழப்பு 2.3 லட்சம் கோடி ரூபியா என்று கணக்கிடப்பட்டது. 2017ஆம் ஆண்டில் தாக்கல் செய்யப்பட்ட குற்றப்பத்திரிகை, பங்கீடு எவ்வாறு பேசப்பட்டது என்பதை எடுத்துரைத்தது. வரி நீங்கலான தொகையில் நூற்றுக்கு 51 பங்கு திட்டத்திற்கு. எஞ்சிய 49 பங்கும் பகிர்ந்துகொள்வதற்கு. அமைச்சக அதிகாரிகளுக்கு 7, அவையின் நிலைக்குழு உறுப்பினர்களுக்கு 5, அரசியல் தலைவர்களும் தரகர்களும் அடங்கிய இரு தரப்பினருக்குத் தலா 11, ஒப்பந்த நிறுவனங்களின் இலாபமாக 15. அட்டை அச்சாவதற்கு முன்பே, ஏன், அவை ஒப்புதல் தருவதற்கு முன்பே இந்தக் கணக்குப் பேசப்பட்டதாக அக்குற்றப்பத்திரிகை கூறியது.

இவ்வழக்கில் சிக்கிய செத்யா நொவாந்தோ அக்காலத்தில் கோல்கார் கட்சியின் அவைக்குழுத் தலைவர். பின்னர் மக்கள் பிரதிநிதிகள் அவையின் தலைவராகவே உயர்ந்தவர். 2017 நவம்பரில் அதிகாரிகள் அவரைத் தேடிச் சென்றபோது அவர் வீட்டில் இல்லை. மறுநாள் அவர் பயணித்த கார் விளக்குக் கம்பத்தில் மோதிற்று. அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். விசாரணைக்குத் தடை ஏற்படுத்திய குற்றத்திற்காக அவருடைய வழக்கறிஞரும் ஒரு மருத்துவரும் பின்னர்ச் சிறைத்தண்டனை பெற்றனர். 2018 ஏப்ரல் 24 அன்று நொவாந்தோவுக்குப் பதினைந்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 73 லட்சம் டாலரைத் திருப்பிச் செலுத்தவும் ஆணையிடப்பட்டது. 2025ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் மறுசீராய்வில் தண்டனையைப் பன்னிரண்டரை ஆண்டுகளாகக் குறைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் நிபந்தனையின்பேரில் வெளிவந்தார்.

இழந்தவர் யார்? அட்டைக்குப் பதிவு செய்த ஏழை எளியோர். வெற்று அட்டைகள் போதாமையால் பலர் தற்காலிகத் தாள் சான்றையே நெடுநாள் கையில் வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினர். பொதுப்பணக் களவில் களவு கொடுத்தவனுக்குத் தான் களவு கொடுத்தது தெரிவதில்லை. தன் வேலை தாமதமாகின்றது, தன் ஊர்ச் சாலை மழையில் கரைகின்றது என்று மட்டுமே அவன் அறிவான். திருடியவன் பிற்காலத்தில் தவ்பாச் செய்ய எண்ணினாலும், யாரிடம் சென்று ஹக்கைத் திருப்பித் தருவான்? கோடிக்கணக்கான வாசல்களில் அவன் நிற்க வேண்டுமே! இவ்வுலகில் இயலாத அந்தக் கணக்குத் தீர்ப்பு மறுமையில் காத்திருக்கின்றது.

பஜ்ர் தொழுது திரும்பியவர்

அடையாள அட்டை வழக்கைப் புலனாய்வு செய்தவர்களுள் ஒருவர் நோவெல் பஸ்வெதான். 2017 ஏப்ரல் 11 அன்று, ஜகார்த்தாவில் தம் வீட்டருகே உள்ள பள்ளிவாசலில் பஜ்ர் தொழுகையை நிறைவேற்றிவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அவர் முகத்தில் அமிலத்தை வீசினர். அவருடைய இடது கண் பார்வையை இழந்தது. காவல்துறையைச் சார்ந்த இருவர் 2020ஆம் ஆண்டில் இதற்காகத் தண்டிக்கப்பட்டனர். ஒருவருக்கு இரண்டாண்டு, மற்றவருக்கு ஒன்றரை ஆண்டு. திருடியவர்களுக்குப் பதினைந்து ஆண்டு கிடைத்த நாட்டில், திருட்டைத் தேடியவரின் கண்ணைப் பறித்ததற்கு இவ்வளவே கிடைத்தது.

அத்துடன் முடியவில்லை. 2019 செப்டம்பரில் மக்கள் பிரதிநிதிகள் அவை ஊழல் ஒழிப்பு ஆணையத்தின் சட்டத்தைத் திருத்திற்று. தன்னாட்சியுடன் இயங்கிய ஆணையத்தின் பணியாளர்கள் அரசு ஊழியர் வரிசையில் சேர்க்கப்பட்டனர். மாணவர்கள் நகரெங்கும் திரண்டு எதிர்த்தும் பயனில்லை. அரசு ஊழியராவதற்கென நடத்தப்பட்ட தேர்வொன்றில் தேறவில்லை என்று கூறி, 2021 செப்டம்பர் இறுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பணிநீக்கப்பட்டனர். அவர்களுள் நோவெல் பஸ்வெதானும் ஒருவர். யாரைக் கண்காணிக்க ஆணையம் அமைந்ததோ அவர்களே ஆணையத்தின் சட்டத்தை எழுதும் எழுதுகோலையும் வைத்திருந்தனர்.

நீதியின் வாசல் முற்றாக அடைபட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குடிமக்கள் அமைப்புகள் சில தொடுத்த வழக்கில், அரசியல் சாசன நீதிமன்றம் 2014 மே மாதம் ஒரு தீர்ப்பளித்தது. பணி, செலவினம் என்னும் நுணுக்கம் வரை அவை புகுந்து பேசும் அதிகாரத்தை அது நீக்கிற்று. நட்சத்திரக் குறி வழக்கத்தையும் தள்ளிற்று. இது பெரிய சீர்திருத்தம். ஆயினும் ஒரு வாசலை மூடினால் மறு வாசலைத் தேடுவது நஃப்ஸின் இயல்பு. அவையின் துணைத்தலைவராக இருந்த தவ்ஃபிக் குர்னியாவான், மாவட்டங்களுக்கான சிறப்பு ஒதுக்கீட்டு நிதிக்காகக் கையூட்டுப் பெற்றார் என்று 2019 ஜூலையில் ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சட்டம் வேண்டும், சட்டம் மட்டும் போதாது.

சட்டத்திற்கு உட்பட்டே செய்யப்படும் அநீதியும் உண்டு. 2025ஆம் ஆண்டில், அவை உறுப்பினர்களுக்கு வீட்டுப்படியாக மாதம் 5 கோடி ரூபியா வழங்கப்படுவது வெளியாயிற்று. ஜகார்த்தாவின் குறைந்தபட்ச மாத ஊதியத்தில் இது ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஆகஸ்ட் மாத இறுதியில் மக்கள் வீதிக்கு வந்தனர். வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பிழைத்த இளைஞர் ஒருவர் காவல்துறை வாகனத்தின் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தார். அதன் பின்னரே அந்தப் படி நிறுத்தப்பட்டது. அது கையூட்டு அன்று. முறைப்படி எழுதப்பட்ட தொகையே. ஆயினும் எழுதும் கையே பெறும் கையாகவும் இருக்கும்போது, மூன்றாம் கை ஒன்று விளக்கைப் பிடித்திருக்க வேண்டும் என்பதற்கு அது சான்று.

மிம்பரில் இதைப் பேசலாமா?

சிலர் கேட்கக்கூடும்: ‘ஹஜ்ரத், இது அரசியலன்றோ? மிம்பருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?’ நாம் மறுமொழியாகக் கூறுவது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை. அஸ்து குலத்தைச் சார்ந்த இப்னுல் லுத்பிய்யா என்பவரை ஜகாத் வசூலிக்க அண்ணலார் அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, ஒரு பகுதி உங்களுக்குரியது, மற்றொரு பகுதி எனக்கு அன்பளிப்பாக வந்தது என்றார். அண்ணலார் மிம்பரின் மீது ஏறினார்கள். அவர் பெயரைச் சொல்லாமல், ‘நாம் பணிக்கு அனுப்பியவர்’ என்று பொதுவாகக் குறிப்பிட்டு, அவர் தம் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ அமர்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று வினவினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான நிகழ்ச்சி இது. பொதுப்பணியாளர் பெற்ற அன்பளிப்பைப் பற்றிய முதல் விசாரணை நடந்த இடம் மிம்பரே.

அந்தக் கேள்வியை இந்தோனேசியாவின் நிதிநிலைக் குழு அறைக்குக் கொண்டு செல்லுங்கள். அந்த உறுப்பினர் தம் கிராமத்து வீட்டில் அமர்ந்திருந்தால் ‘வாஷிங்டன் ஆப்பிள்’ அவரைத் தேடி வந்திருக்குமா? வந்திராது. பதவியைத் தேடி வந்த பொருள் பதவிக்காரருடையது ஆகாது. கையூட்டுக் கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் சாபத்திற்குரியவர் என்பது அபூதாவூத், திர்மிதீ நூல்களில் காணப்படும் எச்சரிக்கை. இடையில் நிற்கும் தரகரையும் ஓர் அறிவிப்பு சேர்த்துரைக்கின்றது.

‘முஸ்லிம் சகோதரர்களின் குறையைப் பேசுவது புறம் ஆகாதா?’ என்று மற்றும் சிலர் கேட்பர். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் புறம் பேசுதல் ஹராம் என்பதை விளக்கியபின், நியாயமான காரணத்தால் பேச இசைவுள்ள ஆறு இடங்களை எடுத்துக் காட்டியுள்ளார்கள். அநீதிக்கு உள்ளானவர் முறையிடுவதும், தீமையைத் தடுக்க உதவி தேடுவதும், மக்களைத் தீங்கினின்று எச்சரிப்பதும் அவற்றுள் அடங்கும். நாம் இங்கே கூறியவையோ நீதிமன்றங்களில் விசாரிக்கப்பட்டு, உலகறிய வெளிவந்த செய்திகள்.

அந்நாட்டு உலமாக்களும் வாய்மூடி இருக்கவில்லை. நஹ்ளத்துல் உலமா அமைப்பின் அறிஞர்கள் 2012 செப்டம்பரில் சிரெபோன் பகுதியில் கூடியபோது, வரிப்பணம் களவாடப்படுவதை அரசு தடுக்க இயலாவிடில், வரி செலுத்துவது கடமைதானா என்பதையே மறுபடியும் ஆராய வேண்டியிருக்கும் என்று எச்சரித்தனர். மிகக் கடுமையான சொல் அது. ஆனால் குர்ஆன் அச்சிடும் பணத்திலும் கை வைக்கப்பட்டது வெளியான ஆண்டில் அவர்கள் வேறென்ன சொல்ல இயலும்?

நமது கடமை

அன்புச் சகோதரர்களே! நம் கையில் நாடாளுமன்றம் இல்லை. ஆனால் நமக்கும் ஒரு நிதிநிலை அறிக்கை உண்டு. சந்தாவும், உண்டியலும், கடை வாடகையும், குர்பானித் தோல் பணமும், மத்ரஸா நன்கொடையும் அதில் வரவாகின்றன. அதை எழுதும் எழுதுகோலும் உண்டு. தொகை சிறியது என்பதால் அமானிதம் சிறியதாகிவிடாது. ஆகவே மூன்று செய்திகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது, கணக்கை வாசியுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் நோன்பைப் பற்றியதன்று, ஹஜ்ஜைப் பற்றியதன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும், எழுதுபவர் நீதியுடன் எழுதுவதையும், சாட்சிகள் அமைப்பதையும் பற்றியது. இந்த மலரின் கட்டுரைகளை வாசிக்கும் நாம், கணக்குப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போகின்றோம். செலவான தொகையை மட்டும் பாராதீர்கள். அடுத்த ஆண்டுக்கென எழுதப்படும் தொகையைப் பாருங்கள். அது எவ்வாறு நிர்ணயிக்கப்பட்டது, எத்தனை பேரிடம் விலை கேட்கப்பட்டது என்று வினவுங்கள். களவு எழுதும்போதே நடக்குமெனில் காவலும் எழுதும்போதே வேண்டும்.

இரண்டாவது, கேட்பவரைக் காத்திடுங்கள். பொதுக்குழுவில் எழுந்து கணக்குக் கேட்கும் இளைஞரைக் குழப்பவாதி என்று முத்திரை குத்தி அமர்த்துவது எளிது. பஜ்ர் தொழுது வந்தவரின் கண்ணில் வீசப்பட்ட அமிலத்திற்கும், கேட்பவரின் வாயை அடைக்கும் ஏச்சுக்கும் அளவில் வேறுபாடு உண்டு, நோக்கம் ஒன்றே. கேட்பவரும் கண்ணியத்துடன் கேட்கட்டும். ஆதாரமின்றிப் பழி சுமத்துவதும் பெரும்பாவமே. நேர்மையான நிர்வாகிக்குக் கேள்வி ஒரு பாதுகாப்பு. அவர் தம் எழுதுகோலை எடுக்கும்போது எத்தனையோ கண்கள் பார்க்கின்றன என்ற நினைவு, ஷைத்தானின் ஊசலாட்டத்தினின்று அவரைக் காக்கும்.

மூன்றாவது, வெள்ளையடிக்கும் பணத்தை ஏற்காதிருப்போம். பொதுப்பணத்தை விழுங்கியவர்கள் தம் நெஞ்சின் உறுத்தலுக்கு மருந்து தேடிப் பள்ளிவாசலுக்கு மினாராவும் மத்ரஸாவுக்கு மாடியும் கட்டித்தர முன்வருவது எந்த நாட்டிலும் நடக்கக்கூடியதே. அல்லாஹ் தூய்மையானவன், தூயதையே ஏற்பான் என்பது நாமறிந்த நபிமொழியின் கருத்து. மினாரா தாழ்ந்திருந்தாலும் பாங்கு ஒலிக்கும். சந்தேகப் பணத்தில் உயர்ந்த மினாராவோ, அதைக் கட்டியவரைக் கேள்வி கேட்கும் நாவை நம்மிடமிருந்து பறித்துவிடும்.

தேர்தலில் வாக்களிக்கும் கடமையும் நமக்கு உண்டு. வேட்பாளர் நம் தெருவுக்கு என்ன தந்தார் என்று மட்டும் பார்க்கின்றோம். அவர் கையில் ஒப்படைக்கப்போவது எழுதுகோல். நாட்டின் செல்வம் எங்கே போக வேண்டும் என்று எழுதும் எழுதுகோல். வாக்குக்குப் பணம் பெற்றவர், அந்த எழுதுகோலின் முதல் பங்கைத் தாமே விற்றுவிட்டார். பின்னர் எந்த முகத்துடன் கணக்குக் கேட்பார்?

யா அல்லாஹ்! எங்கள் பொருளாதாரத்தை ஹலாலானதாக ஆக்குவாயாக! எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணும் வலிமையைத் தருவாயாக! எழுதும் கைகளுக்கு உன் அச்சத்தையும், கேட்கும் நாவுகளுக்குக் கண்ணியத்தையும், உண்மையைத் தேடுவோருக்கு உன் பாதுகாப்பையும் அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன். வஸ்ஸலாம்.